பெரிய கத்திக்கு ஒரு துணை

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

மேஸ்திரி கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகு அண்ணன் அந்த இடத்துக்குத் திரும்பி வந்து பார்த்திருப்பானா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத எனக்கு வராது.

நலம்தானே? தோள் வலி எப்படி இருக்கிறது? அந்தக் கனமான தார்ப்பாய்களை மெஷினுக்குள் இழுத்து இழுத்துத் தைத்தால் வலிக்காமல் என்ன செய்யும். நான் நலம். மழைக்கு முன்பு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எப்போதும் வருகிற நெரிசல். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளெல்லாம் புட்டிகளில் ஏறி என் மேசைக்கு வந்துவிட்டன.

கோடு வெட்டுகிறவர்களின் வழக்கத்தை அண்ணன் ஒருமுறை எனக்கு விளக்கினான். நில அளவைக்காகக் காட்டுக்குள் நேராகக் கோடு வெட்டிக்கொண்டு போவார்கள். யாராவது கோட்டை விட்டு உள்ளே போக வேண்டியிருந்தால், தன் பெரிய கத்தியை அங்கேயே வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் குத்திவிட்டு, சின்னக் கத்தியை மட்டும் எடுத்துப் போவான். கத்தி நிற்கிறவரை ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம், முகாம் நகராது. குத்தினவன்தான் வந்து பிடுங்க வேண்டும். வேறு கை படக்கூடாது. அப்போதும் நான் "ஏன்?" என்றுதான் கேட்டேன். "உனக்கு ஏனம்மான்னு பேர் வச்சது வீண் போகலை" என்றான்.

நீங்கள் மேஸ்திரியைக் குறை சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். உள்ளே போன அண்ணன் திரும்பவில்லை, தேடிச் சலித்தாயிற்று, மழை இறங்குவதற்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தாக வேண்டும். கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வந்திருக்காது. அதைப் பிடுங்கவும் மனம் வந்திருக்காது.

அந்தப் பெரிய கத்திக்குப் பொருத்தமாக, மடங்காத சின்னக் கத்தி ஒன்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள், தார்ப்பாய் நூல் அறுக்க. இங்கே பின்தெருவில் ஒரு கத்திக் கடை இருக்கிறது. பெரியதன் அளவை எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஏனம்மா

*

ஜூன் 19

ஏனம்மாவுக்கு அண்ணி எழுதுவது. நான் சௌக்கியம். தோள் வலி தோளிலேயே குடிவந்துவிட்டது, காலி செய்யச் சொன்னால் முறைக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? புட்டிகளோடு பேசிக்கொண்டே மத்தியானத்தைத் தாண்டிவிடாதே.

அளவு கேட்டாய். அலகு என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வருகிறது. நுனிப்பக்கம் அகலம், கனமும் அங்கேதான். பிடியில் உன் அண்ணன் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. என் விரல் அதற்குள் முழுகிப் போகிறது. கத்தியோடு திரும்பி வந்த தோல் உறை நான் தைத்தது. பெரிய கத்திக்கு ஒரு பை, அதன் மேலேயே சின்னதுக்கு ஒரு குட்டிப் பை. அம்மா இடுப்பில் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று அவர் கேலி செய்வார். அந்தக் குட்டிப் பைதான் காலி. அதில் இருந்ததை அவர் எடுத்துப் போனார்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. அந்தக் குட்டிப் பை காலையில் ஈரமாக இருக்கிறது. உள்பக்கம் மட்டும். பெரிய கத்தியின் பை காய்ந்துதான் கிடக்கிறது. துடைத்துவிட்டு அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டுகிறேன். மறுநாள் விரலை விட்டால் சில்லென்று இருக்கிறது, மழையில் நனைந்து வந்த ஆளின் சட்டைப்பைக்குள் கைவிட்ட மாதிரி.

சீக்கிரம் பார்த்து வாங்கு. அவசரம் இல்லை. ஆனாலும் சீக்கிரம் பார்.

அண்ணி

*

ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

சிரிக்கவில்லை. நலம் என்று நம்புகிறேன். எனக்கு லேசான சளி, வேறொன்றும் இல்லை.

கடைக்குப் போனேன். அகலத்தைவிட ஆழம் அதிகமான இடம். சுவர் முழுக்கக் கத்தி. கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். சின்னக் கத்தி வேண்டும் என்றதும் எதையும் எடுத்துக் காட்டவில்லை. "பெரியது என்ன வேலை பார்க்குது? முதல்ல அதைச் சொல்லுங்க. அது பார்க்காத வேலையைத்தான் சின்னது பார்க்கணும். ரெண்டும் ஒரே வேலைக்குப் போட்டி போட்டா, ஒரே சமையலறையில ரெண்டு மாமியார் கதைதான்" என்றார். கிளை வெட்டும், முள்புதர் தள்ளும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அப்படியானால் சின்னது மெல்லிய அலகோடு, நீளம் உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்றார். பிறகு கேள்விகள். எஃகு பளபளப்பாக இருக்க வேண்டுமா, அல்லது துருப்பிடித்தாலும் நன்றாகத் தீட்டவருவதாக இருக்கலாமா? பிடி மரமா, ரப்பரா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள்.

ஈரம் பற்றி: தடித்த தோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அடுப்புக்கு மேலே ஆவி போகிறது. குட்டிப் பையின் அடி மூடியிருப்பதால் காற்றோட்டம் இல்லை. ஆணியை மாற்றிப் பாருங்கள். அதற்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, காலையில் எடுத்து, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி எனக்கு அனுப்புங்கள். ஈரம் என்றால் எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும். எங்கிருந்து என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ஏனம்மா

*

ஜூலை 20

ஏனம்மாவுக்கு,

சளி போய்விட்டதா? இங்கே மழை. சாமான் அறையில் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து மெஷினை நகர்த்திக்கொண்டே இருக்கிறேன். அது இப்போது கதவுக்கு வந்துவிட்டது, இன்னும் நகர்த்தினால் தெருவில் உட்கார்ந்துதான் தைக்க வேண்டும்.

உறையைப் படுக்கையறையில், ஜன்னல் பக்கம் மாட்டினேன். அங்கே ஆவியும் இல்லை, ஒழுகலும் இல்லை. பஞ்சு இத்துடன் இருக்கிறது.

உன் கேள்விகளை மேஸ்திரியிடம் கேட்டேன். மேசைமேல் பெரிய கத்தி இருந்தது. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "சின்னக் கத்தின்னா, இடுப்புல இருக்கிறதே தெரியக்கூடாதுங்க. கை போனா மட்டும் அது அங்கே இருக்கணும்" என்றார். முள் எடுக்க நுனி கூர்மையாக இருக்க வேண்டும், கொடி முடிச்சில் நுழைத்துத் திருகினாலும் பிடி கழலக்கூடாது, ஈரக் கையில் வழுக்கக்கூடாது. பிறகு, யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கோபித்துக்கொண்டாரோ என்னவோ. நீ வாங்கு.

அண்ணி

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நினைக்கிறேன். கத்தியைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். அலகு சுண்டுவிரல் நீளம். எஃகு பளபளப்பு, துடைக்காமல் விட்டாலும் துருப்பிடிக்காது. நுனி உருண்டை, தைக்கும்போது மடியில் விழுந்தாலும் குத்தாது. தார்ப்பாய் நூலுக்கு இது போதும். கடைக்காரரும் போதும் என்றுதான் சொன்னார், நான் கேட்ட விதத்துக்கு.

மழை நின்றதா? கூரையைச் சரி செய்தார்களா?

அன்புடன்,
ஏனம்மா

*

ஆகஸ்ட் 25

ஏனம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இரு. கூரை இன்னும் ஒழுகுகிறது.

கத்தி வந்தது. குட்டிப் பையில் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி உள்ளே ஆடுகிறது. நுனி இல்லாத கத்தியை வைத்து நான் என்ன செய்ய, ரொட்டியில் வெண்ணெய் தடவவா? பக்கத்து வீட்டுக்காரி ஆசைப்பட்டாள், அவளுக்குக் கொடுத்துவிட்டேன். உன் காசு வீண் என்று வருத்தப்படாதே, அவள் உன்னை வாழ்த்துகிறாள்.

நீ கெட்டிக்காரி. தெரியாமல் இந்தக் கத்தியை எடுத்திருக்க மாட்டாய்.

பஞ்சைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நீ எழுதாமல் விடுவதுதான் உன் கடிதத்தில் பெரிய எழுத்தில் தெரிகிறது. என்னவாக இருந்தாலும் சொல்.

அண்ணி

*

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நான் சரியாகத் தூங்குவதில்லை, மற்றபடி நலம்.

பஞ்சைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்தேன். மங்கலான பழுப்பு நிறம் இறங்கியது. நிழலில், இலைகள் விழுந்து ஊறிக் கிடக்கும் ஓடைத் தண்ணீருக்கு அந்த நிறம் உண்டு. வருடக்கணக்காகப் பார்க்கிறேன், புட்டியைத் தூக்கிப் பிடித்தாலே தெரியும். ஆனால் தோலைப் பதப்படுத்த மரப்பட்டைச் சாறு போடுவதும் உண்டு. அது இறங்கினாலும் இதே பழுப்புதான். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல அவ்வளவு சிறிய பஞ்சு போதாது. நேர்மையாக நான் சொல்லக்கூடியது இதுவரைதான். உடன் வேலை பார்க்கிறவள் எட்டிப் பார்த்து, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டாள். எங்கள் வீட்டுத் தண்ணீர் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நான் கேட்கிறேன். நூல் அறுக்க உங்களிடம் கத்தரி இருக்கிறது. மெஷின் மேசையிலேயே பிளேடும் இருக்கிறது. போன முறை வந்தபோது பார்த்தேன். முள் எடுக்கவும், கொடி முடிச்சைத் திருகவும் உங்களுக்கு எதற்குக் கத்தி? கோட்டை விட்டு உள்ளே போகிறவர்கள்தான் சின்னக் கத்தி எடுத்துப் போவார்கள். அது தெரிந்துதான் நுனியில்லாததை அனுப்பினேன்.

பதில் எழுதுங்கள், அண்ணி.

ஏனம்மா

*

நவம்பர் 16

ஏனம்மாவுக்கு,

நீ போட்ட இரண்டு தபால் அட்டையும் வந்தன. உயிரோடுதான் இருக்கிறேன். நடுவில் காய்ச்சல், இப்போது இல்லை. உனக்குத் தூக்கம் வருகிறதா?

உன் கடிதத்தை வந்த அன்றே படித்தேன். பதில் சொல்ல இப்போதுதான் கை வந்தது.

அந்தக் கோட்டை மறுபடி திறக்கப் போகிறார்கள். ஒரு மழைக்கே செடியும் கொடியும் மூடிவிட்டதாம். முகாமில் கூடாரம் தைக்க, கிழிந்ததை ஒட்டுப்போட ஆள் வேண்டும் என்றார்கள். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே மேஸ்திரி வந்தார். வாசலிலேயே நின்று, "நான் பிடுங்கினது தப்புன்னா என்னைத் திட்டிடுங்க அண்ணி. நீங்க உள்ளே போறேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். நான் போவதாக அவரிடம் சொல்லவே இல்லை. எல்லோருக்கும் எப்படியோ தெரிகிறது.

தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் உன் அண்ணன் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். தாமதமாக வந்தால் கதவைத் தட்டமாட்டார், வெளியிலேயே உட்கார்ந்திருப்பார், தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்று. திரும்பி வந்து பார்த்திருந்தால்? கத்தி இல்லை, கூடாரம் இல்லை, ஆள் இல்லை. "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே போயிருப்பார். யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செத்துப்போனார் என்பதை எப்படியோ தாங்கிக்கொண்டேன்.

அதே இடத்தில் அந்தக் கத்தியைக் குத்திவிட்டு உள்ளே போய்க் கூப்பிடப் போகிறேன். ஓடைவரைக்கும்தான். அவர் தடம் அங்கேதான் முடிந்தது என்கிறார்கள். திரும்பி வருவேனா என்று கேட்காதே. அதுவரைக்கும் நான் யோசிக்கவில்லை. நீ கத்தி வாங்கித் தராவிட்டாலும் போவேன், வெறுங்கையோடு.

அண்ணி

*

நவம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

காய்ச்சல் வந்ததை எனக்கு அப்போதே எழுதியிருக்கலாம்.

போகாதீர்கள் என்று ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். பிறகு கடைக்குப் போனேன்.

இந்த முறை சரியாகச் சொன்னேன்: காட்டுக்குள் தனியாகப் போகிற ஒரு பெண்ணுக்கு. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். போன தடவை வாங்கிய உருண்டை நுனியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அலகின் நீளம் உங்கள் உள்ளங்கை அகலம். முதுகுப்பக்கம் கொஞ்சம் தடிப்பு, வெட்டும் பக்கம் மெலிவு, நுனி கூர். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறது, திருகினாலும் கழலாது. பளபளப்பு எஃகு வேண்டாம் என்று முடிவு செய்தேன். இது ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும், ஆனால் ஓடைக் கல்லில் தேய்த்தாலே கூராகும். கடையில் இருந்த எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்து, என் கைக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததை எடுத்தேன். உங்கள் கை என்னுடையதைவிடச் சின்னது.

நிறத்தில்தான் வாக்குவாதம். பெரியதன் பிடி கறுப்பு என்றால் சின்னதும் கறுப்பாக இருந்தால்தான் ஜோடி சேரும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். "ஜோடி சேர வேண்டாம். கீழே விழுந்தா கண்ணுக்குத் தெரியணும்" என்றேன். ஆரஞ்சு நிறம். பார்க்கச் சகிக்காது. உங்களுக்குப் பிடிக்காது.

தபாலில் அனுப்பப் போவதில்லை. நானே கொண்டுவருகிறேன். விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. முகாமுக்கும் வருகிறேன். பயப்படாதீர்கள், உங்களோடு உள்ளே வரமாட்டேன். கத்தி நிற்கிற இடத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், நீங்கள் வந்து பிடுங்குகிறவரை. போன முறை கடைசிவரை நிற்க யாரும் இல்லை.

அன்புடன்,
ஏனம்மா

*

டிசம்பர் 8

ஏனம்மாவுக்கு,

வா.

முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். கணுக்கால் மூடுகிற காலணி இருந்தால் கொண்டுவா, இல்லாவிட்டால் இங்கே வாங்கலாம். மூக்குக்கண்ணாடி இரண்டு கொண்டுவா, ஒன்று எப்படியும் உடையும். நீ வருவதாகச் சொன்னதும் மேஸ்திரி இங்கேயே உட்கார்ந்து முழு டீயும் குடித்தார். உன் அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எதற்கும் சாட்சி கேட்கிற ஆள் இப்போது காவலுக்கு வருகிறாள்.

பிடி எந்த நிறமாக இருந்தால் என்ன. நல்லபடியாக வந்து சேர்.

அண்ணி

*

ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால் கீறல்கள் ஆறிவிட்டன. தோளுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விடாதீர்கள். விசாரிப்பையெல்லாம் முதலிலேயே முடித்துவிடுகிறேன். கடைசியில் எழுத வராது.

நாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். நீங்கள் உள்ளே இருந்தபோது நடந்ததை, நடந்தபடியே எழுதுகிறேன். விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

நீங்கள் அந்த அடிக்கட்டையில் அண்ணன் குத்திய பழைய தழும்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் பெரிய கத்தியைக் குத்தினீர்கள். முதல் தடவை நிற்கவில்லை. இரண்டாவது தடவை நின்றது. ஓடைவரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் இடுப்பில் ஆரஞ்சு நிறம் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு இல்லை. நீங்கள் கூப்பிடுவது கேட்டது. அவனைப் பெயர் சொல்லி நீங்கள் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அன்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள். அப்புறம் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. வெயில் மரங்களுக்கு மேலே போய்விட்டது. மேஸ்திரி ஒருமுறை வந்தார். கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டார். "கத்தி நிக்குது. இருக்காங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் கோடு வெட்டும் வேலைக்குத் திரும்பிப் போனார்.

அவர் போன பிறகு, அடிக்கட்டைக்கு அந்தப் பக்கம் சருகில் காலடி கேட்டது. நீங்கள்தான் என்று நினைத்து "அண்ணி" என்றேன். காலடி நின்றது. எழுந்து பார்த்தேன், யாரும் இல்லை. காட்டில் சருகு எத்தனையோ காரணத்தால் சலசலக்கும், அது எனக்குத் தெரியும். காலடி மறுபடி தொடங்கியது. வலது கால் லேசாக இழுத்து வைக்கும் நடை. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அண்ணன் அப்படித்தான் நடப்பான். அந்த நடை மாடி ஏறுவதைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டு வளர்ந்தவள் நான். கத்திக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நான் பேசினேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டே.

"அண்ணா, இது உன் கத்திதான். ஆனா இந்தத் தடவை குத்தினது அண்ணி. அவங்க உள்ளே இருக்காங்க. நீ வர வேண்டாம். அவங்களை அனுப்பிடு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு காலடி ஓடைப்பக்கம் போனது, அவசரமில்லாமல், அதே இழுப்போடு.

நீங்கள் வந்தபோது முழங்கால்வரை நனைந்திருந்தீர்கள். சின்னக் கத்தி கையில் இருந்தது. என்னைப் பார்க்காமல் நேராகப் போய் இரண்டு கையாலும் பெரிய கத்தியைப் பிடுங்கினீர்கள். அலகைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஓடைகிட்ட உக்காந்துட்டேன். எழுந்திருக்கணும்னே தோணலை" என்றீர்கள்.

அப்புறம் என்று கேட்டேன்.

"தோணுச்சு."

இரண்டையும் உறையில் போட்டு வாரைக் கட்டிய பிறகு, "யார்கூட பேசிட்டிருந்தே?" என்று கேட்டீர்கள். மேஸ்திரி வந்திருந்தார் என்றேன். அவர் வந்தது உண்மைதான். நீங்கள் என்னை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு, என் முதுகில் கை வைத்தபடி பின்னால் வந்தீர்கள். முகாம் வரும்வரை நான் திரும்பிப் பார்க்க நீங்கள் விடவில்லை.

ஏனம்மா